எலுமிச்சையில் வளரும் வண்ணத்துப் பூச்சி

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மலையடிவாரத் தோட்டங்களில் மழைக்குப் பின் எலுமிச்சை துளிர்விடும்போது, இளங்குருத்துகளைச் சுற்றி ஒரு வண்ணத்துப் பூச்சி நிலைகொள்ளாமல் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருநிற இறகுகளில் வெளிர்மஞ்சள் திட்டுகள் இருக்கும். பின்னிறகின் உள்ளோரத்தில் செங்கல் நிறப் பொட்டு ஒன்று தெரியும். இறகை விரித்தால் 8 முதல் 10 செ.மீ. அகலம். இதன் வாழ்க்கையை அறிந்துகொண்டால், எப்போது மருந்து தெளிக்க வேண்டும், எப்போது வேண்டியதில்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

வண்ணத்துப் பூச்சிகளும் அந்துப் பூச்சிகளும் செதிலிறகு வரிசையைச் சேர்ந்தவை. தொட்டால் விரலில் ஒட்டும் பொடிதான் அச்செதில்கள். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ல் இதற்குப் பாப்பிலியோ டெமோலியஸ் என்று பெயர் சூட்டினார். அன்று எல்லா வண்ணத்துப் பூச்சிகளையும் அவர் பாப்பிலியோ என்றே அழைத்தார். பின்வந்தோர் பிரித்ததில், இன்று அப்பெயர் ஒரு பேரினத்துக்கு மட்டுமே உரியது. இப்பூச்சியின் குடும்பத்தில் பலவற்றுக்குப் பின்னிறகில் வால் நீண்டிருக்கும். நம் எலுமிச்சைப் பூச்சிக்கோ வாலே கிடையாது! பிறகு எப்படி இக்குடும்பத்தில் சேர்ந்தது? விடை அதன் புழுவிடம் இருக்கிறது.

தாய்ப்பூச்சி இளந்தளிரில் முட்டைகளைத் தனித்தனியே இடும். மூன்று முதல் ஐந்து நாட்களில் வெளிவரும் புழு, பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம்போலவே இருக்கும். எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? நான்கு முறை தோலுரித்தபின் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அதைத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவடுபட்ட செந்நிறக் கொம்பொன்று நீண்டு, கடும் வாடை வீசும். இந்தக் கொம்பே அக்குடும்பத்தின் முத்திரை. எறும்பை விரட்டத்தான் அது, கொட்டாது, கடிக்காது. இரண்டு மூன்று வாரம் தின்று கொழுத்த புழு, மின்கம்பத்தில் ஏறியவர் இடுப்பு வாரில் சாய்ந்து நிற்பதுபோல, ஒரு பட்டிழையில் சாய்ந்து கூட்டுப்புழுவாகிறது.

ஆஸ்திரேலியாவில் இதே இனம் எலுமிச்சையை விட்டு, கார்போகரிசியின் இனச் செடிகளைத் தின்கிறது. 2004-ல் கடல் கடந்து டொமினிக்கன் குடியரசிலும் இது தலைகாட்டியது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். நாற்றங்காலிலும், நட்டு ஓரிரு ஆண்டான கன்றுகளிலும் சில புழுக்களே குருத்து முழுவதையும் மொட்டையடித்துவிடும். அங்கே காலையும் மாலையும் பார்த்துக் கையால் பொறுக்குவதே சிறந்த வழி. ஏராளமாக இருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். அதற்கு 10 லிட்டர் நீருக்கு அரைக் கிலோ பருப்பு போதும். காய்க்கும் பெரிய மரமோ இழந்த தளிரை மீண்டும் விட்டுக்கொள்ளும். அதில் இந்தப் புழுவுக்காக நஞ்சு தெளிப்பது வீண் செலவு என்பதே எமது கருத்து. பூவுக்கு வரும் தேனீயும், புழுவை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியும் அதில் மடியும். வீட்டுக் கறிவேப்பிலையிலும் இப்புழுக்கள் வரும். நாளை குழம்பில் போடும் இலையில் நஞ்சைத் தெளிக்கலாமா?

கறிவேப்பிலையில் இதன் பங்காளியான வேறொரு கரும்பூச்சியின் புழுவும் உண்டு. அதன் பெண்ணில் ஒருவகை, உடலில் நஞ்சுள்ள சிவப்புப் பொட்டுப் பூச்சியைப்போல வேடமிட்டுப் பறவைகளை ஏய்க்கிறது. அந்த நஞ்சுப் பூச்சி வளர்வது கரிசல் வரப்புகளில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையில்; எலுமிச்சைக்கு அதனால் ஒரு தீங்குமில்லை. எனவே சிவப்புப் பொட்டைக் கண்டதும் அடிக்கக் கை ஓங்க வேண்டாம்.

பொறுக்கிய கூட்டுப்புழுக்களை நசுக்காமல் ஒரு பானையிலிட்டு, வாயைக் கொசுவலையால் கட்டித் தோட்டத்து நிழலில் வையுங்கள். வண்ணத்துப் பூச்சி வெளியேற முடியாது. ஒட்டுண்ணிக் குளவிகள் வலைக்கண் வழியே புறப்பட்டு அடுத்த புழுக்களைத் தேடிப் போகும்.