உங்களுக்குத் தெரியுமா? பாலையை மீட்கப் பனித்தீவில் பயிற்சி!

ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களைக் காக்கப் பாடுபடும் சூழல் அதிகாரிகள் பலர், அதற்கான பயிற்சியைப் பெறுவது ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியிருக்கும் ஐஸ்லாந்தில்!

● ஏன் அங்கே? ஐஸ்லாந்தும் மண்ணைப் பறிகொடுத்த நாடுதான். சுமார் 1,150 ஆண்டுகளுக்கு முன் மக்கள் குடியேறியபோது, தீவில் கால் பங்குக்கு மேல் காடு இருந்ததாகக் கணிக்கிறார்கள். மரம் வெட்டியும் ஆடு மேய்த்தும் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் மிஞ்சியது ஏறத்தாழ 1 சதவீதம். பிடிமானம் இழந்த எரிமலை மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போனது.

● நூற்றாண்டு அனுபவம்: அரசின் மண் பாதுகாப்புப் பணி 1907-லேயே தொடங்கிவிட்டது. உலகில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. மணல் மூடியதால் கைவிடப்பட்ட குன்னார்ஸ்ஹோல்ட் பண்ணையே பின்னர் அதன் தலைமையகமானது.

● யாருக்குப் பயிற்சி? 2007-இல் தொடங்கிய நில மீட்புப் பயிற்சித் திட்டம், ஏற்கெனவே இத்துறையில் பணியாற்றுபவர்களுக்கானது. எத்தியோப்பியா, கானா, உகாண்டா, மலாவி, நைஜர், லெசோத்தோ நாட்டினர் வருகிறார்கள். மத்திய ஆசியர்களும் உண்டு.

● என்ன படிக்கிறார்கள்? ஆறு மாதப் படிப்பு. மண்ணரிப்பைத் தடுப்பது, மேய்ச்சலை முறைப்படுத்துவது, தாவரங்களை மீட்பது ஆகியவை முக்கியப் பாடங்கள். கூடவே, ஒவ்வொருவரும் தனி ஆய்வு ஒன்றையும் முடிக்க வேண்டும்.

● 2020 முதல் இத்திட்டம் யுனெஸ்கோவின் ஆதரவில் நடக்கிறது.