மரப்பட்டையில் படரும் கல்பாசி

மழை ஓய்ந்தபின் ஏற்காட்டிலோ, கொல்லிமலையிலோ, வால்பாறைப் பக்கமோ தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். நிழல் மரங்களின் பட்டையில் சாம்பல் நிறத்தில், ஓரம் சுருண்ட இலைகளைப் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். "மரத்துக்குப் படை வந்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கும் உழவர்கள் உண்டு. அதே பொருளைக் கறி மசாலாவுக்கென்று மளிகைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கல்பாசி என்பது அதுதான்.

பெயரில் பாசி இருந்தாலும் இது வெறும் பாசி அன்று. லைக்கன் என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஒரு பூசணமும் ஒரு பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்துவதே லைக்கன். பூசணம் வீடு கட்டி ஈரத்தைத் தாங்கிக் கொடுக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. 1860-களில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது லைக்கன் ஆராய்ந்தவர்களே ஏற்க மறுத்தார்கள்!

அடையாளம் காண ஒரு துண்டைப் பெயர்த்து எடுங்கள். காய்ந்திருந்தால் அப்பளம் போல் நொறுங்கும். நனைத்தால் துவண்டு, சற்றே பச்சை காட்டும். மேற்புறம் வெளிர் சாம்பல். அடிப்புறம் கருப்பு, ஓரத்தில் மட்டும் பழுப்பு நிறப் பட்டை ஓடும். நடுவில் வேர் போன்ற சிறு கருந்தூவிகள் இருக்கும். கிழித்தால் உள்ளே வெள்ளை. பச்சைப் பஞ்சு போல் படரும் மரப்பாசிக்கு இந்தக் கருப்பு அடிப்புறம் கிடையாது. தென்னை மரத்தில் சுண்ணாம்பு தெளித்தாற்போலத் தெரியும் வெள்ளைத் திட்டுகளும் பெரும்பாலும் லைக்கன்களே. ஆனால் அவை இலையாகப் பெயர்ந்து வாரா.

கடையில் கல்பாசி என்று வருவதில் பார்மோட்ரீமா பெர்லேட்டம், பார்மோட்ரீமா டிங்டோரம் என்னும் இரண்டும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் முன்னதின் ஓரத்தில் கருமயிரும் மாவு போன்ற துகளும் தெரியும். பின்னதில் மயிர் இராது. மேற்புறம் ரவை ஒட்டினாற்போலச் சொரசொரப்பாக இருக்கும். இதன் மேல்தோலைச் சுரண்டி, உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியில் புதிதாகக் கரைத்த பிளீச்சிங் பவுடர் நீரை ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். பெர்லேட்டம் சிவக்காது. சோதித்த துண்டைச் சமையலில் சேர்க்கக் கூடாது.

இனி முக்கியமான கேள்வி: மரத்துக்குக் கெடுதலா? இல்லை. புல்லுருவி மரத்துக்குள் உறிஞ்சு வேரைச் செலுத்திச் சாற்றைக் குடிக்கிறது. அதைக் கிளையோடு வெட்டி அகற்றவே வேண்டும். கல்பாசியின் தூவிகளோ பட்டையைப் பற்றிக்கொள்வதோடு சரி. நலிந்த மரத்தில் இது அதிகம் தெரிவதற்குக் காரணம் உண்டு. மரம் இலை உதிர்த்தால் கிளைகளில் வெளிச்சம் விழுகிறது, கல்பாசி செழிக்கிறது. நலிவு முந்தியது, கல்பாசி பிந்தியது. இதை மாற்றி எண்ணித் தாமிர மருந்து தெளித்தால் கல்பாசி சாகும், மரம் தேறாது. மருந்துச் செலவும் வீண், நாளும் வீண். அப்படிப்பட்ட மரத்தில் தூரைச் சுற்றி நீர் தேங்குகிறதா, வேர் அழுகியிருக்கிறதா, தண்டில் துளையும் மரத்தூளும் உண்டா என்று பாருங்கள்.

அராபிகா காப்பிச் செடியின் தண்டைத் தேங்காய் மட்டையால் தேய்க்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. தளர்ந்த பட்டை இடுக்கில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் முட்டையிடும் என்பதற்காகவே அது. அதனுடன் லைக்கனும் போனால் போகட்டும்.

சொந்தத் தோட்டத்தில் கல்பாசி சேகரிப்பவர்கள் அடிமரத்தை முழுவதும் சுரண்டிவிட வேண்டாம். இது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளரும். காற்றில் விழுந்த கிளைகளிலும், கவாத்துச் செய்த கிளைகளிலும் கிடைப்பதை எடுத்து, பட்டைத் துணுக்கு நீக்கி, நிழலில் உலர்த்தலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி எடுப்பது குற்றம். காடு சார்ந்து வாழும் பழங்குடியினருக்குச் சிறு வன மகசூலில் உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது.