27 பேர் சொன்னால் ஊர் சொன்னதாகுமா?

தேர்தல் வந்துவிட்டால் கருத்துக் கணிப்புகளுக்குப் பஞ்சமில்லை. "பெண்கள் இந்தக் கட்சிக்கு, இளைஞர்கள் அந்தக் கட்சிக்கு, வெளிமாநிலத்தார் இன்னொன்றுக்கு" என்று பிரித்துப் போடுகிறார்கள். ஆபீசிலும் டீக்கடையிலும் அதுவே பேச்சு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு நகரில் 1,000 பேரை முறைப்படி விசாரித்தால், விடை பெரும்பாலும் 3 சதவீதம் கூடலாம், குறையலாம். அந்த ஆயிரத்தில் தமிழர் 50 பேர்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிரிவுக்கு மட்டும் பிசகு 14 சதவீதம்வரை போகும். "தமிழரில் 54 சதவீதம் ஆளுங்கட்சிக்கு" என்று அச்சானால், உண்மை 40 ஆகவும் இருக்கலாம், 68 ஆகவும் இருக்கலாம். அப்படிச் சொன்னவர்களோ 27 பேர்தான்!

அமெரிக்காவில் 2016 அதிபர் தேர்தலின்போது, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையும் சுமார் 3,000 பேரை விசாரித்து வந்தன. இளம் கறுப்பினத்தார் அதில் குறைவு. அதைச் சரிக்கட்ட, ஓர் இளைஞரின் பதிலுக்குச் சராசரியைவிட 30 மடங்குவரை மதிப்பு தரப்பட்டது. அவர் டிரம்ப் பக்கம். அவர் பதில் சொன்ன வாரமும் சொல்லாத வாரமும், கறுப்பினத்தாரின் ஆதரவுக் கணக்கே ஏறி இறங்கியது.

வேடிக்கையல்ல இது. 27 பேர் சொன்னதை நம்பி, "அவர்கள் ஓட்டு நமக்கில்லை" என்று ஒரு கட்சி பேட்டைப் பக்கமே வராமல் போகலாம். பிறகு குழாய்த் தண்ணீருக்கும் ரேஷன் கார்டுக்கும் யாரிடம் போய் நிற்பது?

ஆகவே, சதவீதத்தைப் பார்க்குமுன் தலைகளை எண்ணுங்கள். பல கணிப்புகள் ஒரே கதையைச் சொன்னால் கவனியுங்கள். எத்தனை பேரைக் கேட்டோம் என்று சொல்லாத கணக்கை ஒதுக்கிவிடுங்கள்.