கணினிக்குள் ஒளிந்திருந்த தமிழ்

பெட்டி இருக்கிறது, பெட்டிக்குள் பொருளும் இருக்கிறது, திறவுகோல் மட்டும் காணவில்லை. கல்முனையிலுள்ள எமது இல்லத்தில் அண்மையில் நேர்ந்தது இதுவே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கடலோரத்து வீடுகளோடு காணி உறுதிகளும், பிறப்புச் சான்றிதழ்களும், படங்களும் போயின. மறு ஆண்டில் எமது வாப்பா, தம் நினைவில் நின்றவற்றையெல்லாம் வீட்டுக் கணினியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பதிந்து வைத்தார். எந்த வளவில் யார் குடியிருந்தார், யாருக்கு யார் என்ன முறை, அலையோடு போனவர் யாவர் என்பனவெல்லாம் அதில் அடக்கம். வாப்பா இன்று இல்லை. அந்தக் கணினியும் பழுதாகிவிட்டது. அதிலிருந்த கோப்பைப் புதிய கணினியில் இட்டுத் திறந்த எம் மகள் திகைத்து நின்றாள்.

“வாப்பா, இதுவா மூத்தப்பா எழுதினது? இங்கிலீசும் இல்ல, தமிழும் இல்லையே!”

திரை முழுவதும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாய்ச் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே 26 என்றும் 2004 என்றும் இலக்கங்கள் மட்டும் தெளிவாய்த் தெரிந்தன. நாள் தெரிகிறது, ஆள் தெரியவில்லை!

இந்த விந்தைக்குக் காரணம் யாது? கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்கள் 1960களிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டன. தமிழுக்கோ அன்று தனி இடமில்லை. ஆகவே எழுத்துரு செய்தோர், ஆங்கில எழுத்தின் ஆசனத்தில் தமிழ் உருவத்தை அமர்த்தினர். எமது நாட்டின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவும் அத்தகையதே. அதில் ‘உம்மா’ என்று எழுதினால், கணினி தன்னுள்ளே குறித்துக்கொள்வது சி, கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதையே. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் மேற்பூச்சு கழன்று, உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடுகிறது.

நம் முன்னோர் வழங்கிய அரபுத் தமிழை எண்ணிப் பாருங்கள். அதன் உருவம் அரபு; உள்ளிருக்கும் மொழியோ தமிழ். வாப்பாவின் கோப்போ நேர்மாறானது: உருவம் தமிழ், உள்ளிருக்கும் எண் ஆங்கிலம்.

1991இல் வெளிவந்த யூனிகோட் முறை, உலக மொழிகளோடு தமிழுக்கும் சொந்த இடம் அளித்தது. பாமினியில் ‘உ’வுக்கு ஆங்கில ‘சி’யின் எண்ணான 99, யூனிகோடில் அதற்கே உரிய எண் 2953. இவ்வாறு எழுதியதை எந்நாட்டுக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே படிக்கலாம்.

அவ்வாறாயின் பழையதைப் புதியதாக்குவது எப்படி? அதற்கெனவே சிறு மென்பொருள்கள் உள. நாம் இரண்டைச் சோதித்தோம்.

முதலாவது, ‘மாற்றி’. பழைய எண்ணைக் கொடுத்தால் புதிய எண்ணைத் தரும். கோப்பை அதனுள் இட்டோம். சில நொடிகளில் வாப்பாவின் வாசகங்கள் தமிழாய் எழுந்து நின்றன! ஆயினும் மாற்றிக்குப் பகுத்தறிவு கிடையாது. வாப்பா இடையிடையே ஆங்கிலத்திலேயே எழுதியிருந்த சொற்களையும் அது பாமினி என்றே கருதிப் பொருளற்ற தமிழாக்கிவிட்டது. மூலப் பிரதியை அருகே வைத்து, அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது, புதிதாய் எழுத உதவும் விசைப்பலகை மென்பொருள். தமிழன்பர்கள் இலவசமாய் வழங்கிய இ-கலப்பை இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. நாம் சோதித்தது, 2017 முதல் இலவசமாய்க் கிடைக்கும் கீமேன். உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழைப் பெறும் முறை மகளுக்கு உடனே கைவந்தது. எமக்கோ 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 முறையே பிடித்திருந்தது. உயிரெழுத்துக்கள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ‘உம்மா’ என்பதற்கு உச்சரிப்பு முறையில் ஐந்து தட்டு, இதில் நான்கே. நம்மவர் பெயர்களுக்கு இன்றியமையாத ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் இடக்கையின் மேல்வரிசையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதலிரண்டு நாட்கள் விரல் தடுமாறிற்று, பின்னர்ப் பழகிவிட்டது. பாமினி முறையில் பழகிய விரல்களும் வருந்த வேண்டியதில்லை. அதே விசை வரிசையில் யூனிகோட் எழுத்தைத் தரும் மென்பொருளும் உண்டு.

இத்தகைய கருவிகளைச் சோதிக்க விரும்பும் மாணவர்க்குச் சில சொற்கள். முதலில் கோப்பைப் பிரதி எடுத்து வேறோரிடத்தில் வையுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். மென்பொருளை அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே தரவிறக்குங்கள். இணையத்தில் இயங்கும் மாற்றியில் இட்ட எழுத்து பிறர் கணினிக்கும் செல்லக்கூடும். ஆதலால் குடும்பக் கடிதங்களுக்கு நம் கணினிக்குள்ளேயே இயங்கும் மாற்றி நன்று. மாற்றியபின் பெயர்களை முதியோர் ஒருவர் முன்னிலையில் வாசித்துச் சரிபாருங்கள்.

நாமும் அவ்வாறே செய்தோம். மகள் வாசிக்க, மூத்தம்மா கண்மூடிக் கேட்டிருந்தார். ஒரு பெயர் வந்ததும் கையமர்த்தினார். “அவ பேருக்கு ‘ஸ’ வரணும் மகள், ‘ச’ இல்ல. உன்ட மூத்தப்பாவுக்கு அது எப்பவும் பிழைதான்” என்றார். மகள் ஒரு விசையைத் தட்டி அதனைத் திருத்தினாள்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய வட்டுக்களும் பழுதான கணினிகளும் கிடக்கலாம். அவற்றில் ஒரு தாயின் கடிதமோ, ஒரு தந்தையின் குறிப்போ உறங்கக்கூடும். குப்பையென எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆங்கிலக் குழப்பமாய்த் தோன்றுவது, உங்களை அழைக்கும் தமிழாகவும் இருக்கலாம்.