மாமியாரும் மூளைக்குள் ஒரு கடல்குதிரையும்

என் மாமியாருக்கு 78 வயது. சாப்பிட்டுக் கை அலம்பிய பத்தாவது நிமிஷம், "எனக்கு ஏன் இன்னும் சோறு போடலே?" என்பார். பக்கத்து வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல! தன் கல்யாணப் பாயசம் மட்டும் நினைவிருக்கிறதே, இது நடிப்புதான் என்றே நினைத்தேன்.

டாக்டர்தான் படம் போட்டுக் காட்டினார். காதுகளுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, கடல்குதிரை போல் வளைந்த பாகம் இருக்கிறது. ஹிப்போகேம்பஸ் என்று பெயர். கண்டதும் கேட்டதும் 'எண்டோரைனல்' என்ற வாசல் வழியே நுழைந்து, டெண்டேட் கைரஸ், சி.ஏ.3, சி.ஏ.1 என்று கடந்து திரும்பப் போகின்றன. (நம் மூன்று கட்டு வீடு மாதிரி!) அல்ஜைமர் நோய் பெரும்பாலும் முதலில் அரிப்பது இந்த இடங்களைத்தான். பழைய நினைவுகள் மூளையின் மேற்புறணியில் பதிந்துவிடுவதால் சில காலம் தாக்குப்பிடிக்கும்.

அமெரிக்காவில் ஹென்றி மொலெய்சனுக்கு 1953-ல், 27 வயதில், வலிப்புக்காக இருபுறமும் இதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். 2008-ல் இறக்கும்வரை புது ஞாபகம் தங்கவே இல்லை, பாவம். ஆனால் பிரெண்டா மில்னர் என்ற அம்மையார், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை திருந்தியது. முன்பு வரைந்ததுதான் நினைவில்லை! கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு இடமாம்.

அன்று உதிரி மல்லிகையும் நாரும் மாமியார் முன் வைத்தேன். விரல்கள் தானாக ஓடின. முடித்ததும், "நெருக்கமா இருக்கே, யாரு கட்டினது?" என்றார்.

"நீங்கதான் அத்தை."

இப்போது சோற்றுக்காக வாதாடுவதில்லை. ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிடுகிறேன்.