இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியாத அமானிதம்

1991-ல் வெளிவந்த 'டெர்மினேட்டர் 2' திரைப்படத்தில் மனித இனத்தின் மீது போர் தொடுப்பது 'ஸ்கைநெட்' என்ற கணினி. கணினிக்குச் சுயஅறிவு வந்ததால்தான் இந்த அழிவு என்று படம் பார்க்கும் நம் பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் கதையில் தவறு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நாட்டின் பாதுகாப்பு முடிவுகளை மனிதர்களே கணினியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அஞ்சி அதை நிறுத்த முயலும்போது, அது அணுப்போரை மூட்டிவிடுகிறது. 300 கோடிப் பேர் மடிகிறார்கள்.

இது கற்பனை. நிஜத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்கா ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் சோவியத் யூனியனின் கணினி எச்சரித்தது. பணியிலிருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதை அப்படியே நம்பவில்லை. உண்மையான தாக்குதல் என்றால் ஐந்து ஏவுகணைகளோடு நிற்காதே என்று யோசித்தார். தவறான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குத் தெரிவித்தார். அவர் கணித்ததே சரி. மேகங்களில் பட்ட சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று பிழையாகக் காட்டியிருந்தது.

வானங்களும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் ஏற்றுக்கொண்டதாக அல்குர்ஆன் (33:72) கூறுகிறது. கருவிகளைப் பயன்படுத்துவது குற்றமல்ல. ஓர் உயிரைப் பறிக்கலாமா என்ற முடிவையே கருவியிடம் விட்டுவிடுவதுதான் அமானித மோசடி. மறுமையில் கேள்வி கணக்கு இயந்திரத்துக்கு இல்லை. அதை ஏவிய மனிதனுக்கே உண்டு.

வன்முறை மிகுந்த இந்தப் படம் சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. வளர்ந்த பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து பேசினால், பெட்ரோவின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.