தாத்தாவின் பழைய பாஸ்புக்... பணம் எங்கே போச்சு?

ஜவ்வாதுமலை, ஜமுனாமரத்தூர் பக்கம் உங்க சொந்த ஊரா? அடுத்தமுறை போகும்போது தாத்தாவோட தகரப்பெட்டியைத் திறந்து பாருங்க. பட்டா ஜெராக்ஸுக்கு அடியில, மூலை மடங்கிய ஒரு பேங்க் பாஸ்புக் இருக்கலாம். சாமை வித்த காசோ, நூறு நாள் வேலைச் சம்பளமோ, கடைசி என்ட்ரிக்கு அப்புறம் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டாங்க.

அந்தப் பணம் என்ன ஆகும்? 2 வருஷம் நாம போடவும் எடுக்கவும் இல்லைன்னா, அது ‘செயல்படாத கணக்கு’. 10 வருஷம் ஆனா, 2014-ல் ரிசர்வ் வங்கி தொடங்கிய ஒரு தனி நிதிக்குப் போயிடும். ஆனா, உரிமை போகாது. எத்தனை வருஷம் கழிச்சும் அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். 2024 மார்ச் இறுதியில் அந்த நிதியில் இருந்தது சுமார் 78,213 கோடி ரூபாய்!

தேடுறதுக்கு 2023 ஆகஸ்ட்டில் ‘உத்கம்’ தளம் வந்தது. மொபைல் நம்பரை வெச்சுப் பதிவு பண்ணி, பெயரோடு பான், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி போன்றவற்றில் ஒன்றைக் கொடுத்தா, 30 வங்கிகளில் தேடலாம். செலவே இல்லை.

சிக்கலே இங்கதான். ‘வெள்ளையன்’ என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமா எழுதலாம்னு யோசிங்க. அன்னிக்கு ஃபாரம் நிரப்பியவர் எந்த ஸ்பெல்லிங் போட்டாரோ? இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா? நிறைய பாட்டிகளுக்குப் பிறந்த தேதியே ஆதார் எடுக்கும்போது குத்துமதிப்பா போட்டதுதான். ஆக, ‘பணம் இல்லை’ன்னு தளம் சொன்னா, நிஜமாவே இல்லைன்னு அர்த்தமில்லை. ஸ்பெல்லிங்கை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க.

2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘உங்கள் பணம், உங்கள் உரிமை’ன்னு நாடு முழுக்க முகாம்கள் நடந்தது நல்ல விஷயம். ஆனா, ‘தேடி வந்தா தர்றோம்’ என்பது மலைகிராமத்துக்கு எட்டாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், உரிமையாளர் யாருன்னு உறுதியாகத் தெரிஞ்சா, பலருக்கு அவர்கள் கேட்காமலே அரசு பணத்தை அனுப்புது. இங்கே அந்த அளவுக்குக்கூட வேண்டாம். உரிமை கோரப்படாத கணக்குகளின் பெயர்ப் பட்டியலை வங்கிகள் ஏற்கெனவே இணையதளத்தில் போடணும். அதை ஊர்வாரியா பிரிச்சு, தமிழில் எழுதி, கிராம சபையில் வாசிக்க மாநில அரசு ஏற்பாடு செய்யலாமே? தொகையைச் சொல்லத் தேவையில்லை, பெயரும் ஊரும் போதும். ‘அட, இது நம்ம பெரியப்பா!’ன்னு யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க.

பெயர் கிடைச்சா, வங்கிக் கிளைக்குத்தான் போகணும். தாத்தா உயிரோடு இருந்தா, ஆதார் போன்ற அடையாள ஆவணங்களைக் கொடுத்தா போதும். இறந்திருந்தா, நாமினி இறப்புச் சான்றிதழும் தன் அடையாள அட்டையும் தரணும். நாமினி இல்லைன்னாதான் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம்னு அலைச்சல். ‘கமிஷன் கொடுங்க, எடுத்துத் தர்றேன்’னு யாராவது போன் பண்ணி ஓ.டி.பி கேட்டா, கட் பண்ணிடுங்க.

இன்னொண்ணு... போஸ்ட் ஆபீஸ் கணக்கு உத்கம்ல வராது. பெட்டியில் அந்த பாஸ்புக்கும் இருந்தா, அதைத் தனியா எடுத்து வெச்சு, தபால் நிலையத்தில் நேரா கேளுங்க.